நிலக்கோட்டைப் பொன்னம்மாள்: மூன்றாம் கட்சியின் இருக்கையில் ஏழு முறை

வத்தலக்குண்டு என்றதும் இலக்கிய வாசகர்களின் நினைவில் எழும் பெயர்கள் சில உண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' தந்த ராஜமய்யர், மணிக்கொடிக் காலத்து பி.எஸ். ராமையா, 'எழுத்து' இதழை நடத்திய சி.சு. செல்லப்பா ஆகியோர் இம்மண்ணின் மக்கள். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1884இல் பிறந்ததும் இங்கேதான். அங்கிருந்து சற்று வடக்கே, பழனி மலைத்தொடரின் கீழ்மலை அடிவாரத்தில், மருதாநதி பாயும் தென்னந்தோப்புகளுக்கிடையே அமைந்திருக்கிறது அய்யம்பாளையம். அடுத்த ஊரான பட்டிவீரன்பட்டி, 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனாரின் ஊர்.

எழுத்தாளர்களையும் இயக்கத் தலைவர்களையும் நினைவில் வைத்திருக்கும் நாம், இப்பகுதியின் மக்கள் வாக்களித்துச் சட்டமன்றத்துக்கு அனுப்பி வைத்த மனிதர்களை அநேகமாக மறந்துவிட்டோம். தமிழகத் தேர்தல் வரலாறு என்பது முதலமைச்சர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆளவும் இல்லாமல், ஆட்சிக்கு மாற்றாகவும் எண்ணப்படாமல், மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தவர்களுக்கு அதில் ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே அதிகம். அத்தகைய ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் ஏ.எஸ். பொன்னம்மாள். 1957க்கும் 1996க்கும் இடையே ஏழு முறை சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நிலக்கோட்டையில் ஐந்து முறையும், சோழவந்தானிலும் பழனியிலும் ஒவ்வொரு முறையும் வென்றவர்.

அவ்வேழு வெற்றிகளையும் வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1957இல் நிலக்கோட்டை, காங்கிரஸ். 1962இல் சோழவந்தான், காங்கிரஸ். பிறகு பதின்மூன்று ஆண்டு இடைவெளி. 1980இல் நிலக்கோட்டை, சுயேச்சை. 1984இல் பழனி, காங்கிரஸ். 1989, 1991 ஆகிய இரு தேர்தல்களிலும் நிலக்கோட்டை, காங்கிரஸ். 1996இல் அதே நிலக்கோட்டை, தமிழ் மாநில காங்கிரஸ். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது வெறும் ஆண்டுகளின் பட்டியல். ஆயினும் இதனுள் அரை நூற்றாண்டுத் தமிழக அரசியலின் ஏற்ற இறக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதல் வெற்றியிலிருந்தே தொடங்குவோம். 1957இல் நிலக்கோட்டை இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதியிலிருந்து பொது இடத்துக்கு ஒருவரும், தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட இடத்துக்கு ஒருவரும் தேர்ந்தெடுக்கப்படும் முறை அது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே அளிக்க இயலாது. அவ்வாண்டு டபிள்யூ.பி.ஏ.ஆர். சந்திரசேகரனும் பொன்னம்மாளும் நிலக்கோட்டையின் இரு உறுப்பினர்களாயினர். அப்போது பொன்னம்மாளுக்கு வயது ஏறத்தாழ முப்பது.

இம்முறை நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஒதுக்கீட்டுக்கு உரிய வேட்பாளர் அதிக வாக்குப் பெற்றால் பொது இடத்தையும் அவரே கைப்பற்றலாம் என்பது விதி. 1957 நாடாளுமன்றத் தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றனர். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1959இல் தீர்ப்பு கிரிக்கு எதிராக வந்தது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளைச் சட்டம் ஒழித்தது. தனித்தொகுதிகள் தனியே பிரிக்கப்பட்டன. நிலக்கோட்டையின் உறுப்பினர் அடுத்த தேர்தலில் சோழவந்தானுக்குப் பெயர்ந்ததை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். தொகுதியின் எல்லைகள் மாறும்போது உறுப்பினரும் இடம்பெயர நேர்கிறது.

அக்காலத்தில் இப்பகுதியில் பெண் உறுப்பினர் என்பது புதுமையன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன் 1952இல் ஆத்தூரிலிருந்தும், 1957இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டமன்றம் சென்றார். 1962இல் திண்டுக்கல்லின் நாடாளுமன்ற உறுப்பினராகி, மத்தியில் கல்வித்துறைத் துணை அமைச்சராகவும் பொறுப்பேற்றார். பெரும் தொழிற்குடும்பத்தில் பிறந்து மருத்துவம் பயின்றவர் அவர். ஒதுக்கீட்டின் வழியே வந்த பொன்னம்மாளின் பாதை வேறு. இருவரும் ஒரே கட்சியினர், ஒரே மாவட்டத்தினர். ஆயினும் ஒருவரைப் பற்றி நூல்கள் உள்ளன. மற்றவரைப் பற்றித் தேர்தல் ஆணையத்தின் அட்டவணைகளே பேசுகின்றன.

1957இல் 205 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 151. 1962இல் 206இல் 139. ஆக, பொன்னம்மாளின் முதல் பத்தாண்டுகள் ஆளுங்கட்சி வரிசையில் கழிந்தன. அதன்பின் வந்தது 1967. அத்தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 41 விழுக்காடு. தி.மு.க. பெற்றதும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் இடங்களோ தி.மு.க.வுக்கு 137, காங்கிரஸுக்கு 51. எதிர்க்கட்சிகளை ஒரே அணியில் திரட்டிய அண்ணாவின் கூட்டணித் திறன் செய்த மாயம் இது. நிலக்கோட்டையைத் தி.மு.க. கைப்பற்றியது, 1971இலும் தக்கவைத்துக்கொண்டது. 1977இல் அது அ.தி.மு.க. வசமாயிற்று. எந்தக் கட்சியின் இருக்கையில் பொன்னம்மாள் அமர்ந்திருந்தாரோ, அக்கட்சி ஆட்சிக்கட்சி என்ற நிலையிலிருந்து இறங்கி, பிளவுண்டு, கடைசியில் மூன்றாம் கட்சியாயிற்று.

அந்த இறக்கத்தின் நடுவே திண்டுக்கல் ஒரு திருப்புமுனையைக் கண்டது. 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல் அது. தோன்றி ஓராண்டுகூட நிறையாத அ.தி.மு.க., இரட்டை இலைச் சின்னத்தில் மாயத்தேவரை நிறுத்தி வென்றது. ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாம் இடம். ஆளுங்கட்சியான தி.மு.க.வுக்கு மூன்றாம் இடம்! மூன்றாமிடம் என்பது எந்தக் கட்சிக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதன்று என்று இம்மண்ணின் வாக்காளர்கள் அன்றே காட்டிவிட்டனர். ஆயினும் 1977 சட்டமன்றத் தேர்தலின் நான்குமுனைப் போட்டிக்குப் பிறகு தமிழகம் இரு கழகங்களின் களமாகவே நிலைபெற்றது. அ.தி.மு.க. 130, தி.மு.க. 48, இந்திரா காங்கிரஸுக்கு 27, ஜனதாவுக்கு 10.

ஒரு தொகுதியில் முதலாவதாக வருபவரே வெல்லும் முறையில் இரண்டு பெரிய கட்சிகளே நிலைக்கும் என்று பிரெஞ்சு அரசியல் அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1951இல் எழுதினார். மூன்றாம் கட்சிக்கு அளிக்கும் வாக்கு வீணாகும் என்று வாக்காளர் அஞ்சுவதே அதற்கு அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. தமிழகம் இவ்விதியை மெய்ப்பித்தது. கூடவே ஒரு மாற்றமும் செய்தது. இங்கே மூன்றாம் கட்சி அழிந்துபோகவில்லை, கூட்டணிக்குள் குடிபுகுந்தது. தனக்கென உள்ள பத்து அல்லது இருபது விழுக்காடு வாக்கைச் சீதனமாகக் கொண்டுசென்று, சில தொகுதிகளைப் பெற்றுக்கொண்டது.

இதனை அய்யம்பாளையத்தைச் சூழ்ந்த தொகுதிகளிலேயே கண்கூடாகக் காணலாம். திண்டுக்கல்லில் 1967இல் ஏ. பாலசுப்பிரமணியம், 1977, 1980 ஆகிய தேர்தல்களில் என். வரதராஜன் என மார்க்சிஸ்ட் கட்சியினர் வென்றனர். பழனியில் அதே கட்சியின் என். பழனிவேல் 1977, 1980, 1989 என மும்முறை வென்றார். பின்னாளில் கவிஞர் பாலபாரதி திண்டுக்கல்லில் 2001, 2006, 2011 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தொடர்ந்து வாகை சூடினார். கழகங்கள் இரண்டும் கோலோச்சிய காலத்தில், பழனிமலை அடிவாரத்தின் தொகுதிகள் சில மூன்றாம் கட்சிகளின் கொடியையும் பறக்கவிட்டன.

இப்பின்னணியில் 1980ஆம் ஆண்டு வெற்றி தனித்துத் தெரிகிறது. அத்தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் ஓரணி. இரு கட்சிகளும் ஏறத்தாழச் சரிபாதியாகத் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டன. அ.தி.மு.க.வும் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் எதிரணி. முடிவில் அ.தி.மு.க. 129 இடங்களுடன் ஆட்சியில் அமர்ந்தது. அந்த ஆண்டில் நிலக்கோட்டை மக்கள், பதின்மூன்று ஆண்டுகளாகப் பேரவையில் இல்லாதிருந்த பொன்னம்மாளைச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். கட்சிச் சின்னம் என்பது தமிழக வாக்காளரிடம் எத்துணை வலிமை வாய்ந்தது என்பதை நாம் அறிவோம். சின்னம் இல்லாதவர் வெல்வதாயின், அவருடைய பெயரே சின்னமாக வேண்டும். மதுரை மாவட்டத்தின் மற்றொரு தலைவரான கக்கனை இங்கே ஒப்புநோக்கலாம். பொதுப்பணித்துறை, உள்துறை என அமைச்சுப் பொறுப்புகள் வகித்து, எளிமைக்குச் சான்றாகப் போற்றப்பட்ட அவர், 1967இல் தோற்றபின் சட்டமன்றத்துக்குத் திரும்பவேயில்லை. அமைச்சராகாத பொன்னம்மாள் திரும்பி வந்தார்.

1984இல் நிலை மாறியது. காங்கிரஸ் அ.தி.மு.க.வுடன் சேர்ந்தது. சட்டமன்றத்தில் மூன்றில் இரு பங்கு தொகுதிகள் அ.தி.மு.க.வுக்கு, ஒரு பங்கு காங்கிரஸுக்கு. நாடாளுமன்றத்தில் அதற்கு நேர்மாறு என்பது எம்.ஜி.ஆர். வகுத்த கணக்கு. இக்கணக்கில் நிலக்கோட்டை அ.தி.மு.க.வின் பங்காயிற்று, பொன்னம்மாள் பழனியில் நின்றார். இந்திரா காந்தி படுகொலையுண்டு இரண்டு மாதம் கழியுமுன், எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருக்க, டிசம்பரில் நடந்த தேர்தல் அது. அனுதாப அலையில் காங்கிரஸ் 61 இடங்களை வென்றது. மலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சென்ற பொன்னம்மாளும் வென்றார். மூன்றாம் கட்சி உறுப்பினரின் வாழ்வில் இஃது ஒரு பாடம்: தாம் வளர்த்த தொகுதி தமக்கே உரியது என்று அவர் உறுதி கொள்ள இயலாது. அதனைத் தீர்மானிப்பது சென்னையில் நடக்கும் பேச்சுவார்த்தை.

அப்பேரவை முழுக்காலம் வாழவில்லை. 1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தார். அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்தது. 1988 ஜனவரி 28இல் ஜானகி அம்மையாரின் அமைச்சரவை நம்பிக்கை வாக்குக் கோரியபோது, அறுபதை அண்மித்த காங்கிரஸ் உறுப்பினர்கள் எப்பக்கம் சாய்வார்கள் என்பதே தமிழகம் முழுவதும் எதிரொலித்த கேள்வி. காங்கிரஸ் தலைமை ஜானகியை ஆதரிப்பதில்லை என்று முடிவெடுத்தது. பேரவைக்குள் கைகலப்பு, காவலர் நுழைவு, இரண்டே நாளில் குடியரசுத் தலைவர் ஆட்சி! இருபது ஆண்டுகளாக ஓரத்தில் நின்ற கட்சியின் கையில் ஒரு வாரகாலம் துலாக்கோல் இருந்தது. ஆனால் அக்கோலைப் பிடித்திருந்த கை டெல்லியினுடையது; பேரவையில் அமர்ந்திருந்த உறுப்பினர்களுடையதன்று.

1989 ஜனவரித் தேர்தலே நம் நோக்கில் மிக முக்கியமானது. மூப்பனார் தலைமையில் காங்கிரஸ் பெரும்பாலும் தனித்தே நின்றது. ராஜீவ் காந்தி பலமுறை தமிழகம் வந்து ஊர் ஊராகச் சென்றார். வாக்குகள் சுமார் 20 விழுக்காடு. இடங்களோ 26. ஏறத்தாழ 33 விழுக்காடு பெற்ற தி.மு.க.வுக்கு 150 இடங்கள். துவெர்ஜே சொன்ன விதியின் கொடுமை இதைவிடத் தெளிவாக வெளிப்பட்ட தேர்தல் தமிழகத்தில் குறைவு. அந்த இருபத்தாறில் ஒன்று நிலக்கோட்டை. எம்.ஜி.ஆர். இல்லாத களத்தில் அ.தி.மு.க. இரு கூறாகி நின்றது அவருக்குத் துணைசெய்தது என்று கூறலாம். அதே சூழலில் நின்ற காங்கிரஸ் வேட்பாளர்களில் மிகப்பெரும்பாலோர் தோற்றனர் என்பதையும் மறத்தலாகாது.

அப்பேரவையும் 1991 ஜனவரி 30இல் கலைக்கப்பட்டது. ஆக, அவரது ஏழு பதவிக்காலங்களில் இரண்டை அரசியல் சட்டத்தின் 356ஆம் பிரிவு இடையிலேயே முறித்தது. ஐந்தாண்டு என்று மக்கள் அளித்த ஆணை மூன்றாண்டிலும் இரண்டாண்டிலும் முடிந்தது. ராஜீவ் படுகொலைக்குப் பின் 1991இல் அ.தி.மு.க. அணி பேரவை முழுவதையும் வாரிச் சுருட்டியபோது பொன்னம்மாள் மீண்டும் வென்றார். 1996இல் அ.தி.மு.க.வுடன் மறுபடியும் உடன்பாடு என்று டெல்லி முடிவெடுக்க, மூப்பனார் பிரிந்து தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். தமிழகக் காங்கிரஸின் பெரும்பகுதி அவருடன் சென்றது, பொன்னம்மாளும் சென்றார். சைக்கிள் சின்னத்தில் 39 பேர் பேரவை புகுந்தனர். தி.மு.க.வின் தோழமைக் கட்சியாக வென்றும், எண்ணிக்கையால் பிரதான எதிர்க்கட்சியாக அமர்ந்த விசித்திர நிலை அவர்களுக்கு வாய்த்தது. அக்கட்சியின் சோ. பாலகிருஷ்ணனே எதிர்க்கட்சித் தலைவர்.

ஏழு பதவிக்காலங்களையும் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 29 ஆண்டுகள். அவற்றுள் பத்தாண்டுகள் மட்டுமே அவரது கட்சி ஆட்சியில் இருந்தது. எஞ்சிய பத்தொன்பது ஆண்டுகளும் மூன்றாம் கட்சியின் இருக்கையே. அமைச்சர் பதவி எக்காலத்தும் அவரை நாடி வரவில்லை.

அவ்வாறாயின் அந்த இருக்கையின் பயன்தான் யாது? இக்கேள்வியை நாம் தவிர்க்கலாகாது. ஆளுங்கட்சி உறுப்பினருக்கு அமைச்சரின் கதவு திறக்கும். பிரதான எதிர்க்கட்சியினரின் குரல் மறுநாள் நாளிதழில் முதற்பக்கம் ஏறும். மூன்றாம் கட்சி உறுப்பினருக்கு இவ்விரண்டும் அரிது. அவருக்கு உள்ளவை வினா நேரத்தில் ஒரு துணைக்கேள்வி, மானியக் கோரிக்கை விவாதத்தில் சில நிமிடங்கள், வெட்டுத் தீர்மானம், கவன ஈர்ப்புத் தீர்மானம், அதிகாரிகளுக்கு எழுதும் கடிதம் ஆகியவையே. தொகுதி மேம்பாட்டு நிதி தமிழகத்தில் நடைமுறைக்கு வந்ததே 1997-98இல்தான்; அதாவது பொன்னம்மாளின் கடைசிப் பதவிக்காலத்தில். அதற்கு முந்தைய இருபதாண்டுகளுக்கும் மேலாக, ஓர் ஊருக்குக் குழாய் வேண்டுமென்றாலும் பாலம் வேண்டுமென்றாலும் கேட்டுப் பெறுவதன்றித் தாமே ஒதுக்கும் நிதி எதுவும் உறுப்பினரின் கையில் இல்லை. கேட்கும் இடத்தில் தம் கட்சி ஆட்சியும் இல்லை. இந்நிலையிலும் மக்கள் ஒருவரை மீண்டும் மீண்டும் அனுப்பினரெனில், எளிதில் அணுகத் தக்கவர் என்ற நம்பிக்கையன்றி அதற்கு வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

இன்னொரு கேள்வி இதனினும் கடினமானது. 1932 செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தின் குழந்தைகளே நம் தனித்தொகுதிகள். தனி வாக்காளர் தொகுதிகளைக் கைவிட்டு, பொது வாக்காளர் தேர்ந்தெடுக்கும் 148 ஒதுக்கீட்டு இடங்களை மாகாண சபைகளில் அம்பேத்கர் ஏற்க நேர்ந்தது. பிற சாதியினரின் வாக்கால் வெல்லும் உறுப்பினர் தம் மக்களுக்காக உரத்துப் பேச இயலாது என்ற அச்சம் அவருக்கு இறுதிவரை இருந்தது. பொன்னம்மாளின் ஏழு வெற்றிகளையும் இவ்வச்சத்தின் முன் நிறுத்திப் பார்க்கத்தான் வேண்டும். எல்லாச் சாதியினரும் வாக்களித்து ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணை நாற்பதாண்டுகளில் ஏழு முறை தேர்ந்தெடுத்தது பெருமைக்குரியதே. அதே வேளையில், அவர் பேரவையில் கடைசியாக அமர்ந்திருந்த அந்த 1996-2001 காலத்தில்தான், நிலக்கோட்டைக்கு அண்மையில் உள்ள உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதற்காகத் தேர்தலே முடக்கப்பட்டது; 2006 வரை அந்நிலை நீடித்தது. மேலூர் அருகே மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

சட்டமன்றத்துக்கு ஒப்புக்கொண்டதை ஊராட்சிக்கு ஒப்புக்கொள்ள மறுத்தது ஏன்? சட்டமன்ற உறுப்பினர் சென்னையில் அமர்கிறார். ஊராட்சித் தலைவரோ ஊரின் நடுவே நாற்காலி போட்டு அமர்கிறார். நீர்நிலை ஏலமும், மர ஏலமும், தெருவிளக்கும் அவர் கையொப்பத்துக்கு உட்பட்டவை. அதிகாரம் கண்முன்னே வரும்போதுதான் சாதி வாளெடுக்கிறது. மூன்றாம் கட்சியின் மூன்றாம் வரிசையில் ஒரு தாழ்த்தப்பட்ட பெண் அமர்வதை எவரும் எதிர்க்கவில்லை என்பதில், சமூக நல்லிணக்கத்தோடு அவ்விருக்கையின் அதிகாரமின்மைக்கும் பங்கு உண்டு. இதைச் சொல்வது பொன்னம்மாளைக் குறைத்துச் சொல்வதாகாது. அவருக்கு அளிக்கப்பட்ட கருவி எவ்வளவு சிறியது என்பதை அறிந்தால்தான், அதைக் கொண்டு அவர் எவ்வளவு காலம் நின்றார் என்பதன் அருமை விளங்கும்.

2001ஆம் ஆண்டுத் தேர்தலில் நிலக்கோட்டை அ.தி.மு.க. வசமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 30இல் மூப்பனார் மறைந்தார். மறு ஆண்டே அவர் தொடங்கிய கட்சி காங்கிரஸில் மீண்டும் கரைந்தது. பொன்னம்மாள் 2015 நவம்பரில், எண்பது வயதைக் கடந்த முதுமையில் காலமானார்.

நம் மாணவர்களிடம் முதலமைச்சர்களின் பெயர்களைக் கேட்டால் வரிசை பிறழாமல் ஒப்பிப்பார்கள். முப்பதாண்டுகளுக்கு முன் தங்கள் தொகுதியின் உறுப்பினர் யாரென்று கேட்டால் வகுப்பறை அமைதியாகிவிடும். அம்மாணவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் படிக்க நாம் ஏதும் எழுதி வைக்கவில்லை. சட்டப்பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் தொகுதி தொகுதியாகச் சென்னையில் உறங்குகின்றன. அவற்றில் ஒவ்வோர் ஊரின் பெயரும், ஏதோ ஒரு குளத்துக்காகவோ பள்ளிக்காகவோ யாரோ ஓர் உறுப்பினர் எழுப்பிய கேள்வியின் வடிவில் பதிவாகியிருக்கும். வெற்றி பெற்றவர்களின் வரலாற்றை அரசாங்கமே எழுதிக்கொள்ளும். வென்றும் ஆளாதவர்களின் வரலாற்றை அந்தந்த ஊரார்தான் எழுத வேண்டும். அன்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதியின் பழைய உறுப்பினர் ஒருவரையேனும் இவ்வாறு தேடி எழுதுவார்களாயின், மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தவர்களின் முகங்களும் மெல்ல மெல்லத் துலங்கும்.